பறங்கியின் சப்பாத்து

1

இன்று தை மாதத்தின் கடைசி வெள்ளி. ஊரிலிருந்து இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு இந்நாளில் விசேடம் ஒன்றுமில்லை. நெடுந்தீவில் என் மனைவி பரமேஸ்வரி பிறந்த வீட்டாருக்கும், அவ்வீட்டைச் சுற்றியிருந்த சில குடும்பங்களுக்கும் மட்டும் இது 'ஒளிச்ச விரதம்'. அக்குடும்பங்களில் எஞ்சியவர்கள் எங்கெங்கோ சிதறிவிட்டார்கள். நான் அறிய, ரொறன்ரோவில் இவ்விரதத்தை அநுட்டித்தவர்கள் இருவர். ஒருத்தி ஸ்காபரோவிலுள்ள முதியோர் பராமரிப்பு நிலையம் ஒன்றின் மூன்றாம் மாடியில், தன் பெயரும் என் பெயரும் மறந்து கிடக்கிறாள். அவள் வயிற்றில் நாலு வாய் சோறு இறங்கவேண்டும் என்பதைத் தவிர இறைவனிடம் கேட்பதற்கு வேறொன்றும் இல்லாதவனாகி, மற்றவனாகிய நான் இதை எழுதுகிறேன்.

சிறு வயதில் தந்தையாரின் பக்கத்திலிருந்து பதிகம் ஓதப் பழகினேன். சுரம் தணிய ஒன்று, கண்ணொளி மீள ஒன்று, வழிப்பயம் நீங்க ஒன்று என்று வகைப்படுத்தி மனனஞ் செய்வித்தார். ஆயுள் முழுவதும் அவை என் வாயில் இருந்தன. உண்ண மறுப்பவளுக்கு எந்தப் பதிகத்தை எந்தப் பண்ணில் பாடுவது என்று மட்டும் அவர் சொல்லித்தரவில்லை.

நான் மகள் வதனியுடன் அஜக்ஸில் இருக்கிறேன். அவள் வேலைக்குப் போகும் வழியில் என்னை ரயில் நிலையத்தில் இறக்கிவிடுவாள். ரயிலும் பிறகு பஸ்ஸும் எடுத்து மதியச் சாப்பாட்டு நேரத்துக்குப் பராமரிப்பு நிலையத்தை அடைவேன். மனைவியின் பக்கத்தில் அமர்ந்து அவள் உண்பதைப் பார்த்துவிட்டுத் திரும்புவேன். இலையுதிர் காலம்வரை இது நடந்தது. பிறகு அவள் உண்பதை நிறுத்தினாள். மார்கழியில் ஒரு நாள் கையைத் தூக்கியபோது அவளுடைய காப்பு முழங்கைவரை வழுக்கிச் சென்றது. அதைக் கழற்றி என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

2

நினைவு குன்றியவர்களிடம் அந்நிலையத்தில் உணவின் பெயரை மட்டும் சொல்லிக் கேட்பதில்லை. இரண்டு தட்டுகளை முன்னால் நீட்டிக் காட்டுவார்கள். விரும்பியதைத் தொட்டுக் காட்டலாம், அல்லது சொல்லலாம். சைவ உணவு ஒன்று எப்பொழுதும் இருக்கும். அந்த நிலையத்தை நாங்கள் தேர்ந்ததே அதற்காகத்தான்.

கார்த்திகை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை நான் பக்கத்திலிருக்கும்போதே தட்டுகள் வந்தன. ஒன்றில் பருப்பும் சோறும். மற்றதில் வெள்ளை மீன். பரமேஸ்வரி இரண்டையும் நிதானமாகப் பார்த்தாள். பிறகு, பிறந்த நாள் முதல் மீனின் வாடை அறியாத அந்த வாய் உரக்கச் சொன்னது:

"பிஷ். மச்சம்."

பணிப்பெண் புன்னகையுடன் மீனை அவள் முன் வைத்தாள். தட்டை எடுத்துத் தூரத்தில் வைத்துவிட்டேன். இதற்காகப் பொறுப்புத் தாதி என்னைத் தனியே அழைத்தார். வசிப்பவர் எதைத் தெரிவு செய்கிறாரோ அதை மதிப்பது சட்டம் என்றும், கணவனாயினும் அதைத் தடுக்க எனக்கு உரிமையில்லை என்றும், நான் இல்லாத வேளைகளிலும் பல நாட்களாகவே அவர் மீனையே கேட்கிறார் என்றும் பொறுமையாக விளக்கினார். நான் என் ஆங்கிலத்தில், "அவள் பொய் சொல்லுகிறாள்" என்றேன். வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. தாதியின் முகம் இறுகியது. நோயாளியைப் பொய்க்காரி என்று சொல்லும் கணவனை அவர் எவ்வாறு கருதியிருப்பார் என்பதை ஊகிக்கலாம்.

அன்று மாலை வதனிக்கும் எனக்கும் காருக்குள் வாக்குவாதம்.

"அப்பா, ப்ளீஸ். அம்மா கேட்டா குடுக்கட்டும். புரோட்டீன்தானே."

"உன்ர அம்மா மச்சம் தின்னுற ஆளோ பிள்ளை?"

"முந்தி இல்லை. இப்ப அவ வேற ஆள். டொக்டரே சொன்னவர், டேஸ்ட் மாறுமெண்டு. நீங்கள் அக்செப்ட் பண்ணவேணும்."

"கேக்கிறாதான். ஆனால் தின்னுறாவோ? அதைப் பாத்தனியோ நீ?"

அவள் வானொலியைப் போட்டாள். பரமேஸ்வரி மீனைக் கேட்டு வாங்குவாள்; பிறகு தொடமாட்டாள். அதுதான் உண்மை. சில நாட்களில் தட்டே காணாமல் போகும். கடதாசித் தட்டுகளும் துடைக்கும் தாள்களும் நாலாய் மடிக்கப்பட்டு யன்னல் திரைத் தண்டின் மேல் செருகப்பட்டிருப்பதைத் துப்புரவாளர்கள் கண்டெடுத்தார்கள். பொருட்களைப் பதுக்கும் பழக்கம் என்று அதற்கும் ஒரு பெயர் சொன்னார்கள்.

மறுநாள் என்னிடம் இருந்த ஒரே மருந்தை எடுத்தேன். கட்டிலருகே அமர்ந்து அவளுக்குப் பிடித்த பதிகத்தைத் தாழ்ந்த குரலில் தொடங்கினேன். முதல் அடி முடியுமுன் அவள் பாய்ந்து உள்ளங்கையால் என் வாயைப் பொத்தினாள். அந்த மெலிந்த கையில் அவ்வளவு பலம்.

"சத்தம் போடாதேங்கோ. கேக்கும்."

"ஆருக்கு?"

கண்களால் வாசலைக் காட்டினாள்.

எனக்கு அப்பொழுதுதான் புரிந்தது.

3

போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசை விழுங்கியபின் தீவுகளில் நடந்ததை நான் நூல்களில் கற்றதைவிட என் மாமியார் வீட்டில் கற்றதே அதிகம். கோயில் இடிந்தது. அதன் கற்கள் கோட்டைச் சுவரில் ஏறின என்பது வழிவழி வந்த பேச்சு. இடிக்குமுன் ஊரவர்கள் மூர்த்தியைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கிவிட்டார்கள். பிறகு விளக்கில்லை, மணியில்லை. தண்ணீர் அள்ளப் போகிறவர்கள் முதல் வாளியை அள்ளித் திரும்பவும் கிணற்றுக்குள்ளேயே ஊற்றினார்கள். காவல் நின்றவனுக்கு அது கைதவறிய தண்ணீர். ஊற்றியவர்களுக்கு அது அபிடேகம். தலைமுறை தலைமுறையாக இறைவன் இருட்டில், கழுத்தளவு நீரில், பேசாமல் இருந்தான்.

விரதம் காப்பதும் குற்றமாயிற்று. பறங்கிச் சேவகர் கொல்லைக்குள் புகுந்து எறிந்த வாழையிலைகளைக் கிண்டிப் பார்ப்பார்களாம். இலையில் மீன்முள் இல்லையென்றால் அந்த வீட்டில் விரதம். ஆகவே எங்கள் முன்னோர் உண்ட இலையை எறியவில்லை. மடித்து, கூரையின் கீழ்விளிம்பாகிய இறப்பில் ஓலைகளுக்கிடையே செருகி மறைத்தார்கள். இந்த வழக்கத்தை யாழ்ப்பாணத்தார் பலர் அறிவர்.

எதிர்ப்பு என்றவுடன் வரலாறு எழுதுவோர் வாளையும் தீயையும் தேடுகிறார்கள். வாளெடுத்த அரசர்கள் தோற்றார்கள், தூக்கிலேறினார்கள், கப்பலேற்றப்பட்டார்கள். இலையை மடித்துச் செருகிய பெண்களைத் தோற்கடிக்கப் பறங்கிக்கும் அவன்பின் வந்த ஒல்லாந்தனுக்கும் ஒரு நூற்றாண்டும் போதவில்லை.

பரமேஸ்வரியின் வீட்டார் இந்நினைவை ஆண்டுக்கொருமுறை நடித்துக் காட்டினார்கள். அதுவே ஒளிச்ச விரதம். கதவைச் சாத்திச் சமைப்பார்கள். வீட்டின் கடைசிப் பெண் வேலிக் கதவாகிய படலையில் நிற்பாள். ஒருவன் பறங்கியாகப் பழைய சப்பாத்தைப் போட்டுக்கொண்டு தடதடவென்று வருவான். இன்று என்ன கறி என்பான். மச்சம் என்று அவள் கூசாமல் சொல்லவேண்டும். அவன் திரும்பிப் போகவேண்டும். சப்பாத்துச் சத்தம் ஒழுங்கை முடிவில் அடங்கியபின்தான் உள்ளேயிருப்பவர்கள் முதல் வாய் சோற்றை எடுப்பார்கள். அதுவரை இலையில் கை வைக்கலாகாது.

பறங்கி வேடம் எப்பொழுதும் வீட்டுக்கு வந்த மருமகனுக்கே உரியது. எங்களுக்குத் திருமணமாகிய முதலாவது தை மாதத்தில் மாமியார் பரணிலிருந்து சப்பாத்தை இறக்கிவந்து என் முன் வைத்தார்.

"தம்பி, இந்தமுறை நீங்கள்தான்."

"நானோ மாமி? பதிகம் பாடுற வாயாலை..."

"பதிகத்தைப் பிறகு பாடலாம். இப்ப காலைக் குடுங்கோ. மூத்த மருமோனுக்கு இது இறுக்கம். உங்களுக்கெண்டு அளவெடுத்த மாதிரி இருக்கு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் வெட்கத்துடன் படலைவரை நடந்தேன். அங்கே என் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்ன கறி?" என்றேன்.

"மச்சம், ஐயா, மச்சம்."

அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குக் குறும்பு வந்தது. வழக்கத்தில் இல்லாத ஒன்றைக் கேட்டேன்.

"மணக்கேல்லையே?"

அவள் ஒரு கணமும் தயங்கவில்லை. "காத்து மற்றப்பக்கம் அடிக்குது. நீங்கள் போங்கோ."

வீட்டுக்குள்ளிருந்து எழுந்த சிரிப்பில் விரதமே குலைந்திருக்கும். அன்றுமுதல் ஒவ்வோராண்டும் நான் அவ்வாறே கேட்பதும் அவள் அவ்வாறே சொல்வதும் எங்களுக்குள் வழக்கமாயிற்று. இங்கே வந்து சென் ஜேம்ஸ் ரவுணில் பதினைந்தாம் மாடியில் குடியிருந்தபோதுகூட, தை மாதத்துக் கடைசி வெள்ளியில் குளிர்காலச் சப்பாத்துடன் வெளி நடையில் நடந்துவந்து கதவைத் தட்டியிருக்கிறேன். ஒருநாள் சப்பாத்துச் சத்தம் கேட்டு அடுத்த வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். வதனிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அடுத்த ஆண்டே நிறுத்திவிட்டோம்.

4

ஆக, அவள் உணவைத் தெரிவு செய்யவில்லை. படலையில் நிற்கிறாள். தட்டுடன் வருகிறவர்களுக்கு என்ன சொல்லவேண்டுமோ அதைச் சொல்லுகிறாள். அவர்களுடைய மொழியிலேயே சொல்லுகிறாள்.

இதைப் பராமரிப்புக் கூட்டத்தில் விளக்குவதென்று தீர்மானித்தேன். பெரிய மேசை. தாதி, உணவு நிபுணர், சமூக சேவையாளர், திரையில் வதனி. தொடக்கத்தில், இந்நாட்டுக் கூட்டங்களின் வழக்கப்படி, சமூக சேவையாளர் ஒரு தாளைப் பார்த்து, நாம் கூடியிருக்கும் இந்நிலம் இன்னின்ன பூர்வகுடிகளின் நிலம் என்று பெயர்களை வாசித்தார். எல்லோரும் தலை தாழ்த்தினோம். பிறகு நிகழ்ச்சி நிரலுக்குப் போனோம். அம்மக்களுடைய சடங்குகளும் இங்கே சட்டத்தால் தடுக்கப்பட்டிருந்தன என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அவர்களும் எதையோ மடித்து எங்கேயோ செருகியிருப்பார்கள். அப்படிப்பட்ட ஒரு பெண் இந்த மேசையில் இருந்திருந்தால் நான் பாதி சொல்லும்போதே அவள் மீதியை அறிந்திருப்பாள் என்று தோன்றியது.

அவர்கள் கேட்டார்கள். அக்கறையுடன்தான் கேட்டார்கள். 'பண்பாட்டுப் பின்னணி' என்று குறித்துக்கொண்டார்கள். இனி மீனைக் காட்டமாட்டோம், சைவ உணவை மட்டும் வைப்போம் என்று ஒப்புக்கொண்டார்கள். பிறகு வந்த விடயத்தை மெல்லச் சொன்னார்கள். எடை இதே வேகத்தில் குறைந்தால் வற்புறுத்தி ஊட்டப்போவதில்லை. குழாயும் இந்த நிலையில் நன்மை தராது. நோகாமல், அமைதியாக இருக்க மட்டும் வழிசெய்யலாம். பராமரிப்பு முடிவுகளுக்குப் பொறுப்பாளராகப் பதிந்திருப்பவள் மகள் என்பதால், அடுத்த கூட்டத்தில் அவள் சம்மதம் தெரிவிக்கவேண்டும்.

திரையில் வதனி அழுதாள். "அப்பா, அம்மாவைப் போக விடுவம்," என்றாள்.

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். கடவுளே, அவளைப் போக விடுவதற்கு முன், சோற்றை உண்ண விடு.

நடையில் ஜெசிந்தா நின்றாள். மன்னாரைச் சேர்ந்த பெண், அந்த மாடியின் பகல்நேரப் பராமரிப்பாளர். கழுத்தில் சிறிய சிலுவை. நடந்ததைச் சொன்னேன். அவள் சொன்னாள்:

"அங்கிள், எங்கட பக்கத்திலை கதை வேறை. கிறிஸ்து வேதத்துக்கு வந்த சனத்தை உங்கட யாழ்ப்பாண ராசா வந்து வெட்டினவன். அந்தச் சனத்துக்கு நாங்கள் இண்டைக்கும் மெழுகுதிரி கொளுத்துறம்."

நான் நூல்களில் வாசித்திருந்தேன். ஆயினும் எதிரே நின்று ஒருவர் சொல்லக் கேட்டதில்லை.

"பயப்பிடாதேங்கோ," என்று சிரித்தாள். "பழிவாங்க வரேல்லை. அன்ரிக்குச் சோறு நான்தான் தீத்தப்போறன்." சிலுவையைச் சட்டைக்குள் தள்ளிப் பொத்தானைப் பூட்டிக்கொண்டாள்.

5

சைவத் தட்டு மட்டுமே வந்தது. ஜெசிந்தா தமிழிலேயே பேசினாள். நான் வீட்டிலிருந்து தயிர்ச்சோறு குழைத்துக் கொண்டுபோனேன். தமிழ்க் கடையில் வாழையிலைகூட வாங்கினேன். அப்படியிருந்தும் நான் பக்கத்தில் அமர்ந்தவுடன் பரமேஸ்வரி உதடுகளை இறுக மூடிக்கொண்டாள். இலையைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள், "நாங்கள் மச்சம் திண்டிட்டம்" என்பாள். நாட்கள் போயின. அடுத்த கூட்டம் நெருங்கியது.

ஒரு நாள் கடும் பனி. வாசலில் உப்பும் சேறும் குவிந்திருந்தன. தரையைக் கழுவிக்கொண்டிருந்தவர், வருகிறவர்கள் எல்லோரும் சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் போகும்படி கேட்டார். காலுறையுடன் மூன்றாம் மாடிக்குச் சென்றேன். மேசைக்குத் தட்டுகள் வந்து கொஞ்ச நேரமாகியிருந்தது. கூரைப் பனி தள்ளிவிட்டு இறங்கிய வேலையாள் ஒருவர், கனத்த சப்பாத்து தடதடக்க நடையைக் கடந்து மின்தூக்கிக்குள் போனார். அறைக் கதவு சற்றே திறந்திருந்தது.

பரமேஸ்வரி எனக்கு முதுகு காட்டியிருந்தாள். திரை பாதி இழுக்கப்பட்டிருந்தது. கையால் எடுத்து, வாயில் வைத்து, மென்றாள். விழுங்கினாள். மறுபடியும் எடுத்தாள். எதிரே இருந்த ஜெசிந்தா என்னைக் கண்டு அசையாதே என்று கண்ணைக் காட்டினாள். நான் சுவரில் சாய்ந்து நின்றேன். கண்ணீரைத் துடைக்கக்கூடக் கை எழவில்லை.

அப்பொழுது கீழிருந்து ஒருவர் கூடையுடன் வந்தார். எனது சப்பாத்து ஈரத்தில் நனையக்கூடாதென்று அன்புடன் கொண்டுவந்து பக்கத்தில் தரையில் போட்டார். தட், தட் என்று இரண்டு சத்தம்.

அவள் கை நின்றது. வாயிலிருந்ததைத் துப்பினாள். தட்டை மடிக்கத் தொடங்கினாள்.

பிள்ளைகளே, உறவினரே, நான் அந்தச் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கட்டடத்தில் பணியாற்றுவோர் எல்லோரும் இறப்பர் அடியுடைய, பூனை நடப்பதுபோல் ஒலியற்ற காலணி அணிகிறார்கள். நடையில் நாள்தோறும் தடதடவென்று கேட்கும் சப்பாத்து ஒன்றே ஒன்று. மதியச் சாப்பாடு மேசைக்கு வரும் அதே நேரத்தில், குளிர்காலம் தொடங்கிய நாள்முதல், தவறாமல் வருவது. அவள் உண்பதைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்ற ஆசையில் ஒரு நாளும் பிந்தாமல் வந்து, அவள் பக்கத்திலேயே அமர்ந்து, போகாமலிருப்பது.

எந்தப் பறங்கி ஒளிச்ச விரதத்தன்று சாப்பாடு முடியும்வரை வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தான்?

6

காலுறையுடன் வரலாமே என்று வதனி சொன்னாள். செய்து பார்த்தோம். சத்தமில்லாமல் போய் அமர்ந்தேன். அன்று அவள் முழு நேரமும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வரவேண்டியவன் வரவில்லை. வந்து போனபின் அல்லவா உண்ணலாம்? சோறு காய்ந்தது.

"அங்கிள், அவ காத்திருக்கிறா," என்றாள் ஜெசிந்தா.

"தெரியும் பிள்ளை."

"அப்ப?"

"அப்ப நான் சப்பாத்தைப் போடுறன்."

மறுநாள் முதல் இதுதான் என் நாள். ரயில், பஸ், மாடி. நடையின் கோடியிலிருந்தே குதிகாலை ஓங்கி மிதித்து நடக்கிறேன். இளைய தாதியர் முதலில் பயந்தார்கள். இப்பொழுது வழி விடுகிறார்கள். அறை வாசலில் நிற்கிறேன். உள்ளே செல்வதில்லை. அவள் கட்டிலில் நிமிர்ந்து உட்காருகிறாள். அக்கண்களில் எனக்கான பகையைத் தவிர வேறொன்றும் இல்லை. நான் கேட்கிறேன். அவள் சொல்கிறாள். நான் திரும்பி, சத்தம் அவள் காதில் தேய்ந்து மறையும்வரை நடந்து, மின்தூக்கிக்குள் ஏறி, கீழே இறங்கி, வெளியே பனியில் நிற்கிறேன். மேலே திரை இழுக்கப்படும். ஜெசிந்தா இலையை விரிப்பாள். அன்று எத்தனை வாய் இறங்கியது என்று பிறகு தொலைபேசியில் சொல்வாள். சில நாள் ஆறேழு வாய். சில நாள் ஒன்றுமில்லை.

அவள் உண்பதை நான் இனிக் காணப்போவதில்லை. அவள் கையைப் பிடிக்கவோ, நெற்றியில் நீறிடவோ, ஓரடியேனும் பாடவோ இனி எனக்கு இடமில்லை. ஐம்பது ஆண்டுகள் கூட வாழ்ந்தவளை உயிருடன் வைத்திருக்க எனக்குக் கிடைத்திருக்கும் ஒரே வழி, அவளை விட்டுப் போவது. பெருமானே, கிணற்றுக்குள் நீ இருந்த காலத்தில் உன்னைக் காத்தவர்களின் வழிவந்தவள் இவள். எனக்கு நீ தந்த வேடம் இதுவா? உன்னைப் பாடுவதற்கென்று வளர்த்த இந்த வாயால், அவளிடம் நாள்தோறும் பறங்கியின் கேள்வியையா கேட்பேன்?

அடுத்த கூட்டம் திங்கட்கிழமை. எடை இறங்குவது நின்றிருக்கிறதா என்று அன்று தெரியும். வதனி சம்மதத்தை இன்னும் தெரிவிக்கவில்லை. நேற்று இரவுச் சாப்பாட்டின்போது, "நாளைக்கு லாஸ்ட் வெள்ளி என்னப்பா?" என்று கேட்டாள். அவளுக்கு நினைவிருந்ததென்று எனக்குத் தெரியாது. காலையில் நிலையத்தில் இறக்கிவிடும்போது என் சப்பாத்தின் கயிறு அவிழ்ந்திருப்பதைக் கண்டு, குனிந்து, இறுக்கிக் கட்டிவிட்டாள்.

இன்று வாசலில் நின்றேன். அவள் நிமிர்ந்தாள்.

"என்ன கறி?"

"மச்சம், ஐயா, மச்சம்."

திரும்பியிருக்கவேண்டும். இத்தனை நாளும் அவ்வளவில் திரும்பியிருக்கிறேன். இன்று விரத நாள் என்பதால் என்னால் அடக்க இயலவில்லை. அவள் பயந்துவிடுவாளோ, கெட்டுவிடுமோ என்ற நினைப்புடனேயே கேட்டுவிட்டேன்.

"மணக்கேல்லையே?"

ஜெசிந்தா திடுக்கிட்டுப் பார்த்தாள். பரமேஸ்வரி என்னை நெடுநேரம் பார்த்தாள். போர்வைக்கு வெளியே அவள் கை மெல்ல எழுந்து இடுப்பில் போய் நின்றது.

"காத்து மற்றப்பக்கம் அடிக்குது," என்றாள். "நீங்கள் போங்கோ."

போனேன். அவளுக்குக் கேட்கும்படி, நடை முழுவதும் ஓங்கி மிதித்துக்கொண்டு போனேன்.